அமர்ந்த நந்தியும் நிற்கும் ரிஷபமும்: வில்லியனூர், பாகூர் வட்டாரத்தில் வாகனக் கலை

சிவன் கோயிலில் இரண்டு விதமான காளைகள் உண்டு. கருவறைக்கு எதிரே கல்லில் கால் மடக்கிப் படுத்திருப்பது ஒன்று. அதன் பார்வை சாமியின் மேல் இருக்கிறது. உள்ளே வருபவருக்குத் தெரிவது அதன் முதுகு. வாகன மண்டபத்தில் மரத்தில் நின்றிருப்பது மற்றொன்று. திருவிழா இரவில் அது வெளியே வரும்போது சாமி அதன் முதுகில் இருக்கிறார். அதன் முகம் ஊரைப் பார்க்கிறது. கல் நந்தி நூற்றாண்டுகளாக நகராமல் கிடப்பது. மர ரிஷபம் நகர்வதற்காகவே செய்யப்படுவது. வேலை மாறியதால் நிலை மாறியது, திசை மாறியது, பொருள் மாறியது, செய்யும் கையும் மாறியது.

வாகனங்களைப் பற்றித் தமிழில் கிடைக்கும் எழுத்தில் பெரும்பகுதி தத்துவ விளக்கம். ரிஷபம் அறம், மயில் அடங்கிய அகந்தை, கருடன் வேதம் என்று அது போகும். அந்த விளக்கங்கள் பக்தருக்கு வேண்டியவை. ஆனால் தச்சரும் குயவரும் தத்துவத்தை மட்டும் வைத்து உருவம் செய்ய முடியாது. எடை, ஈரம், மரத்தின் விரிசல், மண்ணின் சுருக்கம், தூக்குபவரின் தோள் ஆகியவற்றுக்கும் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து வாகனத்தைப் பார்க்கப் புதுச்சேரியின் உள்ளாட்சிப் பகுதிகளான வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் நல்ல களம். சோழர் காலக் கற்கோயில், தெருவுக்கு வரும் மர வாகனம், ஏரிக்கரை ஐயனாரின் மண்குதிரை என மூன்றும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இங்கே இருக்கின்றன.

இரண்டு ஊர்கள்

வில்லியனூர் புதுச்சேரி நகருக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில், சங்கராபரணி ஆற்றை ஒட்டிய ஊர். ஊரின் நடுவே சோழர் காலத்தில் வேர் கொண்ட திருக்காமீசுவரர் கோயில், அம்மன் கோகிலாம்பாள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கர்நாடகப் பகுதியில் மோதியபோது வில்லியனூர் புதுச்சேரியின் மேற்கு வாசலைக் காத்த கோட்டையாக இருந்தது. 1760 ஜூலையில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை அதைக் கைப்பற்றியது. படைகள் வந்து போயின. சாமி புறப்பாடு நிலைத்தது. வைகாசிப் பெருவிழாவின் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடிக்கும் வழக்கம் இருந்தது. இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். மறுநாள் நாளிதழ்களில் வருவது அந்தப் படம்தான். தேருக்கு முன்னும் பின்னும் உள்ள நாள்களில் தெருவுக்கு வரும் வாகனங்களுக்கு அத்தனை கவனம் கிடைப்பதில்லை.

பாகூர் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில், கடலூர் எல்லைக்கு அருகே உள்ளது. இங்குள்ள மூலநாதர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சோழர் கால முழுக் கற்றளி. அதன் அடித்தளத்தில் ஓடும் சிறு புடைப்புச் சிற்பங்கள் கலை வரலாற்றாளர்களுக்குப் பழக்கமானவை. கோயிலைவிடவும் ஊரின் பெயரை வரலாற்று நூல்களில் நிறுத்தியது பாகூர்ச் செப்பேடு. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், இங்கிருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதை அது சொல்கிறது. பல்லவர்களின் இலச்சினை காளை. சிவனின் ஊர்தி ஓர் அரச குலத்தின் அடையாளமாகவும் ஆகி, ஆணைகளோடு ஊர் ஊராகப் போன காலம் அது.

இந்த வட்டாரத்தின் எல்லை ஒரே கோடாக ஓடுவதில்லை. புதுச்சேரி ஊர்களும் கடலூர், விழுப்புரம் மாவட்ட ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கே ஆட்சிமொழியும் சட்டமும் வேறாக இருந்தன. தச்சரும் குயவரும் சாமியும் மட்டும் இரு பக்கமும் போய்வந்தார்கள். மாசி மகத்தன்று மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவது இன்றும் நடக்கிறது. ஆகவே இந்த வாகனக் கலையைப் புதுச்சேரிக்கு மட்டும் உரியதென்று வேலி போட முடியாது. பழைய தென்னார்க்காடு முழுவதும் அதன் பரப்பு.

ஒரு தெய்வம், பல ஊர்திகள்

சிவனுக்குக் காளை, திருமாலுக்குக் கருடன், முருகனுக்கு மயில் என்ற பட்டியலைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். இந்தப் பட்டியல் பழையதுதான். புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் சிவன், பலராமன், திருமால், முருகன் நால்வரையும் அவரவர் கொடியோடு வரிசைப்படுத்துகிறார். அங்கே முருகனின் கொடியில் மயில் இருக்கிறது. அவன் ஏறிவரும் ஊர்தியின் பெயர் பிணிமுகம். அதை யானை என்று கொள்வாரும் உண்டு, மயில் என்று கொள்வாரும் உண்டு. யானைமேல் அமர்ந்த முருகனின் பழைய சிற்பங்கள் கிடைப்பதாலும், திருத்தணியில் இன்றும் முருகன் சந்நிதி முன் யானையே நிற்பதாலும் முதல் கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஐயனாரும் அப்படித்தான். சோழர் காலக் கற்சிற்பங்களில் அவருக்கு யானை. கிராமத்து வழிபாட்டில் குதிரை முந்திக்கொண்டது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967இல் வெளியிட்ட மார்கரித் அதிசேயத்தின் ஐயனார்–சாஸ்தா ஆய்வு இந்த வடிவ வேறுபாடுகளை விரிவாகத் தொகுத்த முதல் நூல்களுள் ஒன்று.

திருவிழா இந்தப் பட்டியலை இன்னும் தளர்த்துகிறது. சிவன் கோயில் பெருவிழாவில் சாமி ஒவ்வொரு நாளும் வேறு வாகனத்தில் வருவார். சூரியப் பிறை, சந்திரப் பிறை, அதிகார நந்தி, பூதம், நாகம், ரிஷபம், யானை, கயிலாயத்தைத் தூக்கும் இராவணன், குதிரை என்று வரிசை நீளும். ஊருக்கு ஊர் முன்பின் மாறும். பெருமாள் கோயிலில் கருடனோடு அனுமன், சேஷன், அன்னம், சிம்மம், யானை, குதிரை சேரும். மனித உடலும் காளை முகமும் கொண்ட அதிகார நந்தி, பெண் முகமும் சிறகும் கொண்ட காமதேனு, மனித முகமும் விலங்குடலும் கொண்ட புருஷாமிருகம், யாளி ஆகியவை எந்தக் காட்டிலும் இல்லாதவை. தச்சரின் கணக்கில் மட்டும் பிறந்தவை. கோயில் தன் வசதிக்கும் உபயதாரரின் விருப்பத்துக்கும் ஏற்ப இந்த வரிசையில் சேர்த்தும் விட்டும் வந்திருக்கிறது. ஒரு கோயிலின் வாகன மண்டபம் அந்த ஊர் எந்தத் தலைமுறையில் எவ்வளவு வளமாக இருந்தது என்பதற்கும் சான்று.

சிற்ப நூல்கள் வாகனத்தைத் தனித் தலைப்பாகவே நடத்துகின்றன. மானசாரத்தில் அன்னம், கருடன், ரிஷபம், சிம்மம் ஆகிய நான்குக்கும் தனித்தனி இயல்கள் உள்ளன. மூலவரின் அளவோடு பொருந்த வாகனத்தின் அளவு அமைய வேண்டும் என்பது சிற்ப மரபின் பொது நெறி. நூல் தருவது விகிதம். அந்த விகிதத்தைத் தெருவில் தூக்கிப் போகக்கூடிய உருவமாக்குவது தச்சுப் பட்டறையின் அறிவு.

தோளுக்காகச் செய்த மரம்

ஊர்வல வாகனம் என்ன சுமக்க வேண்டும் என்று முதலில் கணக்கிட்டால் அதன் வடிவம் விளங்கிவிடும். மேலே உலோக உற்சவர். சோழர் கால உற்சவத் திருமேனிகளின் பீடத்தில் துளைகளும் வளையங்களும் இருப்பதைப் பார்க்கலாம். கட்டுவதற்கும் தண்டு செருகுவதற்கும் ஏற்பட்டவை அவை. உற்சவருக்குப் பின்னால் திருவாசி. அதன்மேல் மாலைகள், குடை, விளக்கு. இத்தனையும் ஏறிய பிறகு எடை மேலே குவிகிறது. கீழே இரண்டு நீளத் தண்டுகளில் தோள் கொடுத்தவர்கள் மேடு பள்ளமான தெருவில் நடக்கிறார்கள், திரும்புகிறார்கள், சில இடங்களில் ஆடவும் செய்கிறார்கள். உருவம் சாய்ந்தால் அபசகுனம், ஆளுக்கும் ஆபத்து.

அதனால்தான் மர ரிஷபத்தின் கால்கள் உயிருள்ள காளையின் கால்களைவிடக் குட்டையாகவும் தடித்தும் இருக்கும். முதுகு சற்றுத் தட்டையாகி உற்சவரின் பீடம் உட்காரும் பலகையாகும். திமில் பின்னால் போகாமல் முன்னால் ஒதுங்கிச் சாமிக்கு இடம் விடும். கழுத்தும் தலையும் நிமிர்ந்திருக்கும். கூட்டத்துக்கு அப்பால் நிற்பவருக்கும் முகம் தெரிய வேண்டும் என்பது ஒரு காரணம், முன்பக்க எடையால் பின்பக்க எடையைச் சமன் செய்வது இன்னொரு காரணம். முன்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரை வாகனத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கடினம். முழு உடலும் பின்கால்களில் நிற்க வேண்டும். அங்கே தச்சர் வயிற்றுக்கு அடியில் ஒரு தாங்கலை வைத்து, அதைப் பூவேலையாகவோ சிறு உருவமாகவோ செதுக்கி, தாங்கல் என்று தெரியாமல் செய்துவிடுவார். அதிகார நந்தியும் கருடனும் மண்டியிடுவதில் பக்தி இருக்கிறது. அதோடு எடையைத் தரைக்கு அருகே இறக்கும் தச்சுக் கணக்கும் இருக்கிறது.

மரத் தேர்வும் இந்த வேலையைப் பொறுத்தது. தேருக்கு இலுப்பை போன்ற கனமரம் வேண்டும். தோளில் ஏறும் வாகனத்துக்குக் கனம் குறைந்து, செதுக்க இசைந்து, வெடிக்காத மரம் வேண்டும். வாகை, மாவிலங்கை, அத்தி, தேக்கு ஆகியவை வழங்கும் மரங்கள். வெட்டிய மரம் உலர்ந்து அடங்க வேண்டும்; அவசரப்பட்டால் திருவிழா முடிந்த கோடையில் உருவம் பிளக்கும். பெரிய உருவம் ஒரே கட்டையில் எடுக்கப்படுவதில்லை. உடல், கழுத்து, தலை, கால், வால் தனித்தனியாகச் செதுக்கப்பட்டுத் துளையும் கழுந்துமாக இணைக்கப்படும். காதும் கொம்பும் வாலும் கழற்றி மாட்டும்படி இருப்பதுண்டு; கோயில் வாசலைத் தாண்டும்போது முதலில் உடைபவை அவைதான். மூட்டுகளின்மேல் துணி ஒட்டி, புளியங்கொட்டைப் பசையும் சுண்ணமும் கலந்து பூசி, வழவழப்பாக்கி, வண்ணம் தீட்டுவது பழைய முறை. பசை வாங்கிய துணி மரத்தின் சிறு அசைவுகளைத் தாங்கிக்கொள்ளும். இப்போது பெரும்பாலும் நேரடியாக எனாமல் பெயிண்ட். அது பளபளக்கிறது, ஒவ்வொரு குடமுழுக்குக்கும் ஒரு பூச்சு ஏற, செதுக்கின் கூர்மை உள்ளே புதைகிறது.

வசதி வந்த கோயில்களில் மரத்தின்மேல் செப்புத் தகடோ வெள்ளித் தகடோ போர்த்தப்படுகிறது. தகட்டைப் பின்புறமிருந்து தட்டிப் புடைக்கச் செய்யும் நகாசு வேலை அது. தச்சருக்குப் பிறகு கன்னாரும் தட்டாரும் உள்ளே வருகிறார்கள். சென்னை மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் வெள்ளி அதிகார நந்தி 1917இல் அளிக்கப்பட்டது. இன்றும் பங்குனிப் பெருவிழாவில் கூட்டத்தை இழுப்பது அது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த திருநள்ளாற்றில் சனீசுவரர் தங்கக் காக வாகனத்தில் வருகிறார். கருநிறப் பறவை பொன்னிறம் ஏற்பது முரணாகத் தோன்றினாலும், உலோகப் போர்வையின் தருக்கம் அதுதான்: விலங்கின் இயல்பு நிறத்தைவிட விளக்கொளியில் மின்னுவது முதன்மை பெறுகிறது.

இந்த மர வேலை தென்னார்க்காட்டிலும் அதற்கு வெளியிலும் நன்கு வேரூன்றியது. சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி, பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர், பக்கத்துக் கள்ளக்குறிச்சி மூன்றும் மரச்சிற்பத்துக்குப் பெயர் பெற்றவை. மூன்றுக்கும் புவிசார் குறியீடு உண்டு. கோயில் வாகனம் அங்குள்ள பட்டறைகளின் முக்கிய வேலைகளுள் ஒன்று. ஒரு வாகனம் பிறந்த ஊரும் அது வாழும் ஊரும் வேறாக இருப்பது இந்தக் கலையில் இயல்பு.

ஏரிக்கரைக் குதிரைகள்

கோயில் மதிலுக்கு வெளியே வந்தால் வாகனம் வேறு பொருளில் வேறு விதியோடு நிற்கிறது. புதுச்சேரி வட்டாரம் ஏரிகளின் நாடு. 84 ஏரிகள் என்பது கணக்கு. வில்லியனூர்ப் பக்கம் ஊசுட்டேரியும் தெற்கே பாகூர் ஏரியும் அவற்றில் பெரியவை. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் தண்ணீர் கொண்டுவருகிறது. ஏரி இருக்கும் ஊரில் கரையைக் காக்கும் ஐயனார் இருப்பார். அவர் இரவில் குதிரையேறி ஊரைச் சுற்றுவார் என்பது நம்பிக்கை. அதற்கு ஊர் குதிரை செய்துகொடுக்கும்.

தமிழ்க் கடற்கரைக்குக் குதிரை வெளியிலிருந்து வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் பெரும் பொருள் கொடுத்துக் குதிரைகளை இறக்குமதி செய்ததையும், பராமரிக்கத் தெரியாமல் அவை மாண்டதையும் எழுதுகிறார். அரசனுக்கே நிலைக்காத விலங்கைக் கிராமம் மண்ணில் செய்து தன் காவல் தெய்வத்துக்குக் கொடுத்தது.

பெரிய மண்குதிரை சக்கரத்தில் வனையும் பானையிலிருந்து வேறுபட்டது. களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதிப்பார்கள். தனிக் களிமண் உலரும்போது சுருங்கி வெடிக்கும், மணலும் உமியும் அதைத் தடுக்கும். உமி சூளையில் எரிந்து நுண்துளைகளை விட்டுப்போகும். ஆவி வெளியேற அதுவே வழி. முதலில் நான்கு கால்கள் உள்ளீடற்ற குழாய்களாக எழும். அவை சற்று இறுகிய பிறகே வயிறு. பிறகு படிப்படியாக மார்பு, கழுத்து, தலை. கீழ்ப்பகுதி தாங்கும் பதத்துக்கு உலராமல் மேலே ஏற்றினால் முழுவதும் உட்காரும். மிகவும் உலர்ந்துவிட்டால் புதிய மண் ஒட்டாது. இந்தப் பதத்தைக் கையால் அறிவதுதான் குயவரின் கல்வி. நிழலில் உலர்த்தி, வைக்கோலும் வறட்டியும் சுற்றி அடுக்கி, மேலே மண் மெழுகிச் சுடுவார்கள். கடைசியில் கண் திறப்பு. அதுவரை அது மண், அதன் பிறகு அது சாமியின் குதிரை.

மர வாகனம் பத்திரமாக மண்டபத்துக்குத் திரும்புகிறது. மண்குதிரை திரும்புவதில்லை. நேர்த்திக்கடனாகக் கொடுத்த இடத்திலேயே வெயிலிலும் மழையிலும் நின்று, உதிர்ந்து, பழைய குதிரைகளோடு மண்ணாகிறது. அடுத்த நேர்த்திக்கடனுக்கு அடுத்த குதிரை வரும். அழிவதால்தான் குயவருக்குத் தொழில் தொடர்ந்தது. தொழில் தொடர்ந்ததால்தான் அறிவு கைமாறியது. சிமெண்ட் வந்து இந்தச் சங்கிலியை அறுத்தது. சிமெண்ட் குதிரை பல ஆண்டுகள் நிற்கும், செய்பவர் கொத்தனார். ஊருக்கு ஒருமுறைச் செலவு, குயவருக்கு நிரந்தர இழப்பு.

வில்லியனூர்ச் சுடுமண் கலை இந்த இழப்புக்கு ஒரு மாற்று வழி கண்டது. கோயில் தேவை சுருங்கியபோது அலங்கார உருவங்கள், சிறு சிற்பங்கள், வீட்டுக்கும் காட்சிக்கும் உரிய பொருள்கள் என்று வேலை திரும்பியது. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்கும் மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த திருக்கனூரின் காகிதக்கூழ்க் கலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. குயவர் கைவேலைக்கு அரசின் உயர்ந்த மரியாதை வந்தது பெருமை. ஆனால் இந்த மரியாதை சந்தைக்குப் போன கலைக்குக் கிடைத்தது. ஏரிக்கரையில் பெயரில்லாமல் நிற்கும் குதிரைக்கு அதில் பங்கில்லை.

யாருடைய பெயர்?

இப்போது மூன்று பொருள்களையும் பாதுகாப்பின் கணக்கில் வைத்துப் பார்ப்போம். கல் நந்திக்குச் சட்டம் காவல். மூலநாதர் கோயில் போன்றவை மத்திய அரசின் நினைவுச்சின்னங்கள். உலோகத் திருமேனிகளுக்குத் திருட்டு அச்சத்தால் பதிவும் புகைப்படமும் வந்தன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950களிலிருந்து தென்னிந்தியக் கோயில்களில் எடுத்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். களவுபோன சிலைகளை அடையாளம் காண அவை உதவியிருக்கின்றன. மர வாகனத்துக்கோ மண்குதிரைக்கோ அப்படி எதுவும் நடக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த மரச்சிற்பமும் தொல்பொருள்தான். ஆயினும் பழைய வாகனம் கரையான் அரித்து மூலையில் கிடக்கும்போது அதை யாரும் தொல்பொருளாகப் பார்ப்பதில்லை. புதிது செய்ய உபயதாரரைத் தேடுகிறார்கள்.

வாகனத்தின் பீடத்தில் ஒரு பெயர் இருக்கும். அது உபயதாரரின் பெயர். குடும்பம், ஊர், ஆண்டு எல்லாம் சேர்த்துத் தகட்டில் பொறித்திருப்பார்கள். செதுக்கியவரின் பெயர் அபூர்வம். மரம் எது, எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு எந்தப் பகுதி மாற்றப்பட்டது என்ற குறிப்பு அதனினும் அபூர்வம். இதனால் ஒரு வாகனத்தின் வயதைச் சொல்லவே வழியில்லாமல் போகிறது. நூற்றாண்டு கண்ட உடலில் பத்தாண்டுத் தலை இருக்கலாம். அதன்மேல் சென்ற ஆண்டுப் பெயிண்ட் இருக்கலாம்.

பயன்பாடும் மாறுகிறது. தோள் கொடுக்க ஆள் குறைந்ததால் பல ஊர்களில் வாகனம் டிராக்டரிலும் சக்கர வண்டியிலும் ஏறுகிறது. இதைக் குறை சொல்ல முடியாது. தோள் வலி தூக்குபவருக்குத்தான் தெரியும். ஆனால் குட்டைக் காலும், தட்டை முதுகும், மறைந்த தாங்கலும் தோளின் அசைவைக் கணக்கிட்டு உருவானவை. அந்தத் தேவை போய்விட்டால் அடுத்த தலைமுறைத் தச்சருக்கு அந்த விகிதங்கள் காரணமற்ற வழக்கமாகத் தெரியும். காரணம் தெரியாத வழக்கம் எளிதில் கைவிடப்படும். ஆகவே செய்முறையை எழுதி வைப்பதற்கு ஏற்ற காலம் தூக்கியவர்களும் செய்தவர்களும் இருக்கும் இந்தக் காலம்தான்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. புதுச்சேரிக் கோயில்கள் தமிழக அறநிலையத் துறையின் கீழ் வருவதில்லை. அவற்றுக்கு 1972ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் தனித் துறையும் உண்டு. சிறிய பரப்பு, எண்ணக்கூடிய கோயில்கள். ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு பக்கம் போதும்: என்ன மரம், என்ன அளவு, யார் செய்தார், எந்த ஊர்ப் பட்டறை, எந்த ஆண்டு, எப்போது பழுது பார்க்கப்பட்டது, நான்கு பக்கமும் படம். ஐயனார் கோயில்களுக்கு அதோடு இன்னும் ஒரு வரி: குதிரை செய்த குயவர் குடும்பம் எது, இன்னும் செய்கிறார்களா. வில்லியனூரிலும் பாகூரிலும் தொடங்கினால் மற்ற கொம்யூன்களுக்கு அது மாதிரியாகும். உள்ளூர்க் கல்லூரி மாணவர்களே ஒரு விழாக் காலத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

புதிய வாகனம் செய்விக்கும் உபயதாரர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் பெயர் பொறிக்கும் அதே தகட்டில், உங்கள் பெயருக்குக் கீழே, செய்த தச்சரின் பெயரையும் ஊரையும் பொறியுங்கள். செலவு கூடாது, புண்ணியம் குறையாது.